எழுத்தாலேயே ஒரு கம்ப்யூட்டர் கேம்: இன்ஃபார்ம் 7 முதல் பாடம்

செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் வாரமே ஒரு சண்டை வரும். என் அக்கா வீட்டிலும் வந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் அவள் மகன், நண்பன் வீட்டில் பார்த்த கேமை டவுன்லோடு செய்திருக்கிறான். இன்ஸ்டால் ஆனது, ஆனால் ஓடவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு போதாது என்று திரையில் ஒரு செய்தி வந்ததாம். "மாமா, இது டப்பா கம்ப்யூட்டர். ஃபிரெண்ட்ஸ் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட முடியாது" என்று போனில் அழாத குறை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். கார்டு வாங்கித் தரவில்லை. படமே இல்லாத, எழுத்து மட்டுமே உள்ள ஒரு கேமை அவனையே எழுத வைத்தேன். அன்று நாங்கள் செய்ததைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன். உங்களிடம் எவ்வளவு சாதாரண கம்ப்யூட்டர் இருந்தாலும் பரவாயில்லை. புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டாம். கீபோர்டில் தேடித்தேடி டைப் செய்யத் தெரிந்தால் போதும்.

எழுத்து கேம் என்றால் என்ன?

திரையில் நீங்கள் நிற்கும் இடத்தைப் பற்றி இரண்டு வரி வரும். அதற்குக் கீழே கர்சர் மின்னும். என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் டைப் செய்து என்டர் தட்ட வேண்டும். "நார்த்" என்றால் வடக்கே போவீர்கள். "டேக் கீ" என்றால் சாவி உங்கள் கைக்கு வரும். "லுக்" என்றால் இருக்கும் இடத்தை மீண்டும் விவரிக்கும். "இன்வென்டரி" என்றால் கையில் இருப்பதைச் சொல்லும். மவுசுக்கு வேலையே இல்லை.

இந்த வகையைத் தொடங்கி வைத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த வில் குரோதர். இன்றைய இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டில் வேலை செய்த புரோகிராமர் அவர். குகைகளுக்குள் இறங்கி வரைபடம் தயாரிப்பது அவருடைய பொழுதுபோக்கு. கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகையில் தனக்கு நன்கு தெரிந்த ஒரு பகுதியை வைத்து, 1975, 76 வாக்கில், தன் மகள்கள் விளையாடுவதற்காக ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு கேம் எழுதினார். அதுதான் 'அட்வென்ச்சர்'. 1977-இல் டான் வுட்ஸ் என்பவர் அதை விரிவாக்கினார். அதே ஆண்டில் எம்.ஐ.டி. மாணவர்கள் 'ஸோர்க்' கேமை எழுதத் தொடங்கினார்கள். அவர்கள் 1979-இல் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம் இன்ஃபோகாம்.

இன்ஃபோகாம் செய்த ஒரு வேலை நமக்கு முக்கியம். அந்தக் காலத்தில் ஆப்பிள், கமடோர், ஐபிஎம் என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒவ்வொரு மாதிரி. கேமை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதினால் கட்டுப்படியாகாது. அதனால் 'இஸட் மெஷின்' என்ற ஒரு கற்பனை கம்ப்யூட்டரை உருவாக்கி, கேம்களை அதற்காக எழுதினார்கள். பிறகு ஒவ்வொரு நிஜ கம்ப்யூட்டருக்கும் அந்தக் கற்பனை கம்ப்யூட்டர் போல நடிக்கும் ஒரு சிறு புரோகிராமை மட்டும் எழுதினார்கள். அந்த நடிப்பு புரோகிராமுக்கு இன்டர்பிரெட்டர் என்று பெயர். இன்று நாம் எழுதும் எழுத்து கேமும் இந்த முறையில்தான் ஓடுகிறது. அதனால் அதே கேம் ஃபைல் விண்டோஸிலும் ஓடும், மேக்கிலும் ஓடும், இன்டர்பிரெட்டர் போட்டுக்கொண்டால் போனிலும் ஓடும்.

ஏன் இன்ஃபார்ம் 7?

எழுத்து கேம் செய்யப் பல கருவிகள் உள்ளன. டாட்ஸ் என்று ஒன்று, ட்வைன் என்று ஒன்று. ட்வைனில் டைப் செய்ய வேண்டாம், லிங்க்கைக் கிளிக் செய்து கதையில் நகரலாம். அதுவும் நல்ல கருவிதான். நான் இன்ஃபார்மைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கிரஹாம் நெல்சன் என்ற ஆங்கிலேயர் 1993-இல் இதை முதலில் வெளியிட்டார். 2006-இல் வந்த ஏழாவது பதிப்பில் அவர் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினார். புரோகிராமை எளிய ஆங்கில வாக்கியங்களாகவே எழுதலாம் என்று ஆக்கிவிட்டார். "சமையலறை ஓர் அறை" என்று ஆங்கிலத்தில் எழுதினால் சமையலறை உண்டாகிவிடும். 2022-இல் இதன் மூல நிரலும் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. பணம் எதுவும் கட்ட வேண்டாம்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். விளையாடுபவர் தரும் கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் புரிந்துகொள்ளும். எட்டாம் வகுப்பு ஆங்கிலம் தாராளமாகப் போதும். சொல்லப்போனால், என் அக்காவிடம் அனுமதி வாங்கியதே "இங்கிலீஷ் நல்லா வரும்" என்று சொல்லித்தான்.

இன்ஸ்டால் செய்வது

கூகுளில் இன்ஃபார்ம் 7 என்று ஆங்கிலத்தில் தேடி, அதன் சொந்த தளத்துக்கே போங்கள். டவுன்லோடு பக்கத்தில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனித்தனியாக இருக்கும். உங்களுடையதை எடுத்து இன்ஸ்டால் செய்யுங்கள். திறந்ததும் புதிய புராஜெக்ட் தொடங்கச் சொல்லுங்கள். கேமின் பெயரையும் உங்கள் பெயரையும் கேட்கும். கொடுத்தால் ஒரு பெரிய விண்டோ வரும்.

விரித்து வைத்த புத்தகம் போல அதில் இரண்டு பக்கங்கள் இருக்கும். இடது பக்கத்தில் நீங்கள் எழுத வேண்டும். வலது பக்கத்தில் கேம் ஓடும், உதவிக் குறிப்பும் அங்கேயே வரும். மேலே 'கோ' என்று ஒரு பட்டன் இருக்கும். இன்றைக்கு அதிகமாக அழுத்தப் போவது அதைத்தான்.

முதல் அறை

எழுதுவதற்கு முன் ஒரு வார்த்தை. சில வருடங்களுக்கு முன் நானே ஒரு கேம் எழுத உட்கார்ந்தேன். அரண்மனை, சுரங்கப்பாதை, பாதாளச் சிறை என்று 30 அறைகளுக்குத் திட்டம். பதினோராவது அறையில் நின்றுபோனது, இன்றும் அப்படியே கிடக்கிறது. அதனால் மருமகனிடம் மூன்றே அறைகள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அரண்மனை வேண்டாம், உங்கள் வீட்டையே எழுது என்றேன். அவர்கள் வீட்டில் ஊஞ்சல் தொங்கும் ஒரு வெராண்டா, அடுத்து சமையலறை, அதன் பக்கத்தில் எப்போதும் பூட்டியிருக்கும் ஒரு ஸ்டோர் ரூம். கதை அதிலேயே இருக்கிறது அல்லவா?

கீழே உள்ள வரிகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் சாதாரண ஆங்கிலம்தான் என்பது புரியும். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யுங்கள். புள்ளி, மேற்கோள் குறி இவற்றை உள்ளபடியே போட வேண்டும். இடது பக்கத்தில் முதல் வரியாகக் கேமின் பெயரும் உங்கள் பெயரும் ஏற்கெனவே இருக்கும். அதைத் தொடாதீர்கள். வேறு ஏதாவது வரி இருந்தால் அழித்துவிட்டு இதை எழுதுங்கள்.

தி வெராண்டா இஸ் எ ரூம். "அன் ஓல்டு ஸ்விங் ஹேங்ஸ் ஹியர். தி கிச்சன் இஸ் டு தி நார்த்."

தி கிச்சன் இஸ் நார்த் ஆஃப் தி வெராண்டா.

இப்போது 'கோ' பட்டனைக் கிளிக் செய்யுங்கள். பழைய கம்ப்யூட்டரில் சில விநாடிகள் ஆகும், பொறுங்கள். நீங்கள் எழுதிய ஆங்கிலத்தை இன்ஃபார்ம் உள்ளுக்குள் வேறு ஒரு நிரல் மொழிக்கு மாற்றி, அதிலிருந்து கேம் ஃபைலைத் தயாரிக்கிறது. பிறகு வலது பக்கத்தில் வெராண்டா வரும். நார்த் என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். சமையலறை! இப்போது சவுத் என்று கொடுங்கள். மீண்டும் வெராண்டா. சமையலறை வடக்கே இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னோம். திரும்பும் வழியை இன்ஃபார்மே போட்டுக்கொண்டது.

மருமகன் முதல் முறை 'கோ' அழுத்தியபோது கேம் வரவில்லை, வலது பக்கம் முழுக்க ஆங்கிலத்தில் ஒரு நீண்ட புகார் வந்தது. முகம் சுருங்கிவிட்டது. "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா மாமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. கெடவில்லை. மேற்கோள் குறியைத் திறந்தவன் மூடவில்லை, அவ்வளவுதான். மூடாவிட்டால் அதற்குப் பிறகு எழுதிய எல்லாவற்றையும் இன்ஃபார்ம் வசனம் என்று நினைத்துக்கொள்ளும். மேற்கோளுக்குள் இருப்பது வேறு நிறத்தில் தெரியும் என்பதால் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். புகாரில் நீங்கள் எழுதிய வரியையே எடுத்துக் காட்டியிருக்கும். பக்கத்தில் உள்ள சிறு அம்புக்குறியைக் கிளிக் செய்தால் அந்த வரிக்கே கொண்டுபோய் விடும். இன்னொன்று: என்டர் தட்டி அடுத்த வரிக்குப் போய்விட்டதால் மட்டும் வாக்கியம் முடிந்ததாக இன்ஃபார்ம் எடுத்துக்கொள்ளாது. முற்றுப்புள்ளி வைக்க வேண்டும்.

அறைகளின் பெயருக்கு எந்த ஸ்பெல்லிங் போட்டாலும் இன்ஃபார்ம் கவலைப்படாது. ஆனால் ஓர் இடத்தில் ஒரு மாதிரியும் இன்னோர் இடத்தில் வேறு மாதிரியும் போட்டால் குழம்பிவிடும்.

சாவியும் கதவும்

இப்போது பொருள்கள். ஏற்கெனவே எழுதியதற்குக் கீழே இவற்றைச் சேருங்கள்.

தி ரைஸ் பின் இஸ் எ குளோஸ்டு ஓப்பனபிள் கன்டெய்னர் இன் தி கிச்சன்.

தி பிராஸ் கீ இஸ் இன் தி ரைஸ் பின்.

தி கிரீன் டோர் இஸ் எ டோர். இட் இஸ் வெஸ்ட் ஆஃப் தி கிச்சன் அண்ட் ஈஸ்ட் ஆஃப் தி ஸ்டோர் ரூம். இட் இஸ் லாக்கபிள் அண்ட் லாக்டு.

தி பிராஸ் கீ அன்லாக்ஸ் தி கிரீன் டோர்.

தி ரேடியோ இஸ் இன் தி ஸ்டோர் ரூம்.

ஆஃப்டர் டேக்கிங் தி ரேடியோ: எண்ட் தி ஸ்டோரி ஃபைனலி.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கன்டெய்னர் என்றால் உள்ளே ஏதாவது வைக்கக்கூடிய பொருள். இங்கே அது அரிசி டிரம். குளோஸ்டு என்றதால் மூடியிருக்கிறது. ஓப்பனபிள் என்றதால் திறக்க முடியும். இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் டிரம்மை யாராலும் திறக்க முடியாது, சாவி உள்ளேயே கிடக்கும். மூடிய டிரம்முக்குள் இருக்கும் பொருள் விளையாடுபவர் கண்ணுக்குத் தெரியாது. அவர் டேக் கீ என்று எத்தனை முறை கேட்டாலும் அப்படி எதையும் காணோம் என்றே பதில் வரும்.

கதவு கொஞ்சம் கவனிக்க வேண்டியது. கதவு இரண்டு அறைகளுக்கு நடுவில் இருப்பதால் இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சமையலறைக்கு மேற்கிலும் ஸ்டோர் ரூமுக்குக் கிழக்கிலும் கதவு இருக்கிறது என்கிறோம். லாக்கபிள் என்றால் பூட்டக்கூடியது, லாக்டு என்றால் இப்போது பூட்டியிருப்பது. எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்பதை அடுத்த வரி சொல்கிறது.

கடைசி வரி ஒரு விதி. ரேடியோவை எடுத்த பிறகு கதையை முடி. விதியில் காரியத்தைச் சொன்னதும் முக்காற்புள்ளி. செய்ய வேண்டியவை ஒன்றுக்கு மேல் இருந்தால் நடுவில் அரைப்புள்ளி. விதிக்கு முன்னும் பின்னும் ஒரு வெற்று வரி விட்டுப் பழகுங்கள்.

மீண்டும் 'கோ' கொடுத்து, நார்த், ஓப்பன் பின், டேக் கீ, அன்லாக் டோர் வித் கீ, வெஸ்ட், டேக் ரேடியோ என்று வரிசையாகக் கொடுத்துப் பாருங்கள். கதை முடிந்ததாக அறிவிப்பு வரும். ஒவ்வொரு முறையும் இத்தனையும் டைப் செய்ய அலுப்பாக இருந்தால் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

டெஸ்ட் மீ வித் "நார்த் / ஓப்பன் பின் / டேக் கீ / அன்லாக் டோர் வித் கீ / வெஸ்ட் / டேக் ரேடியோ".

பிறகு கேமில் டெஸ்ட் மீ என்று மட்டும் கொடுத்தால் ஆறு கட்டளைகளையும் தானே செய்து காட்டும். இன்டெக்ஸ் என்ற டேபைக் கிளிக் செய்து பாருங்கள். உங்கள் மூன்று அறைகளையும் கட்டம் கட்டமாக வரைபடம் போட்டு வைத்திருக்கும். மருமகன் அதைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் வேறு எதையும் செய்யவில்லை.

பாட்டி விளையாடியபோது

கேம் முடிந்துவிட்டது என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். டெஸ்ட் மீ பிசகாமல் ஓடியது. அவன் உடனே பாட்டியை, அதாவது என் அம்மாவை, கூப்பிட்டு உட்கார வைத்தான். அம்மாவுக்கு டைப் செய்யத் தெரியாது. அம்மா தமிழில் சொல்ல, இவன் ஆங்கிலத்தில் தட்டினான்.

"ஊஞ்சல்னு போட்டிருக்கே, முதல்ல உட்காரலாம்டா" என்றார். சிட் ஆன் ஸ்விங் என்று கொடுத்தான். அப்படி எதையும் காணவில்லை என்றது கேம். "இப்பதானே ஊஞ்சல் தொங்குதுன்னு சொன்னது?" அம்மா கேட்டது நியாயம். வர்ணனையில் ஊஞ்சல் என்ற சொல் இருக்கிறதே தவிர, ஊஞ்சல் என்ற பொருளை நாங்கள் உண்டாக்கவில்லை. மேற்கோளுக்குள் இருப்பது இன்ஃபார்முக்கு வெறும் எழுத்து.

சமையலறைக்குப் போனார்கள். அரிசி டிரம் இருப்பதாக வந்தது. "ராத்திரிக்கு ரெண்டு ஆழாக்கு அரிசி எடு" என்றார் அம்மா. டேக் ரைஸ் என்று கொடுத்தான். எடுத்தாயிற்று என்று பதில். கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், முழு டிரம்மும்!

அம்மா சிரித்த சிரிப்பில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "ஏண்டா, டிரம்மைத் தூக்கிக்கிட்டா நான் நடக்கறேன்?"

பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய்விடுவானோ என்று பயந்தேன். நண்பர்களுக்குக் காட்டலாம் என்று இருந்தவன், "நல்லவேளை காட்டல" என்று முனகினான். ஆனால் ஒரு நிமிடம் கழித்து அவனே கேட்டான்: "மாமா, அது ஏன் டிரம்மை எடுத்துச்சு?"

எனக்கு அந்த நாளில் பிடித்த கேள்வி இதுதான். காரணங்கள் இரண்டு. பொருளின் பெயரில் உள்ள எந்த ஒரு சொல்லைக் கொடுத்தாலும் இன்ஃபார்ம் அந்தப் பொருளைத்தான் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்ளும். ரைஸ் பின் என்று பெயர் வைத்ததால் ரைஸ் என்றாலும் டிரம், பின் என்றாலும் டிரம். அடுத்தது, கன்டெய்னர் என்று சொன்னால் அது தூக்கக்கூடியது என்றுதான் இன்ஃபார்ம் வைத்துக்கொள்ளும். பெட்டி, பை, டம்ளர் எல்லாம் கன்டெய்னர்தானே? எது கனம் என்று அதற்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும்.

திருத்தினோம். டிரம்மைப் பற்றிய இரண்டு வரிகளையும் அழித்துவிட்டு இவற்றை எழுதினான்.

தி டிரம் இஸ் எ குளோஸ்டு ஓப்பனபிள் கன்டெய்னர் இன் தி கிச்சன். தி டிரம் இஸ் ஃபிக்ஸ்டு இன் பிளேஸ். அண்டர்ஸ்டாண்ட் "பின்" ஆஸ் தி டிரம்.

சம் ரைஸ் இஸ் இன் தி டிரம். தி பிராஸ் கீ இஸ் இன் தி டிரம்.

இன்ஸ்டெட் ஆஃப் டேக்கிங் தி ரைஸ்: சே "தட் இஸ் ஃபார் டின்னர்."

தி ஸ்விங் இஸ் அன் என்டரபிள் சப்போர்ட்டர் இன் தி வெராண்டா.

ஃபிக்ஸ்டு இன் பிளேஸ் என்றால் இடத்தைவிட்டு நகராது. அண்டர்ஸ்டாண்ட் வரி, டிரம்முக்கு இன்னொரு பெயர் தருகிறது. இதனால் பின் என்று டைப் செய்பவருக்கும் திறக்கும், நம் டெஸ்ட் மீ வரியையும் மாற்ற வேண்டாம். இன்ஸ்டெட் விதி, ஒரு காரியத்தைச் செய்ய விடாமல் அதற்குப் பதில் வேறு ஒன்றைச் செய்யும். சப்போர்ட்டர் என்றால் மேலே ஏதாவது வைக்கக்கூடிய பொருள். என்டரபிள் என்று சேர்த்தால் ஆளும் ஏறி உட்காரலாம். ஊஞ்சல், கட்டில், பெஞ்ச் எல்லாம் இந்த வகை. கன்டெய்னரைப் போல இல்லாமல் சப்போர்ட்டரை நகராத பொருளாகவே இன்ஃபார்ம் எடுத்துக்கொள்ளும், அதனால் ஊஞ்சலைக் கழற்றிக்கொண்டு யாரும் நடக்க முடியாது.

டெஸ்ட் மீ ஒரு பிழையைக்கூடக் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அதில் நாமே யோசித்த ஆறு கட்டளைகள்தான் இருக்கின்றன. ஊஞ்சலும் அரிசியும் வெளிப்பட, கதை தெரியாத ஓர் ஆள் தேவைப்பட்டார். நான் 11 அறைகள் எழுதியபோது ஒருவரையும் விளையாட விடவில்லை, எல்லாம் முடிந்த பிறகு காட்டலாம் என்று இருந்தேன். உங்கள் கேமை மூன்றாவது அறையிலேயே யாரிடமாவது கொடுங்கள். அவர் தடுமாறும்போது பக்கத்தில் உட்கார்ந்து "அப்படி இல்லை, இப்படி" என்று சொல்லாதீர்கள். அவர் என்ன டைப் செய்கிறார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். எனக்கும் நாக்கு துறுதுறுவென்றுதான் இருந்தது.

மற்றவர்களுக்குக் கொடுக்க

நண்பரின் கம்ப்யூட்டரில் இன்ஃபார்ம் இருக்க வேண்டியதில்லை. கீழ்க்கண்ட வரியைச் சேர்த்துவிட்டு, 'கோ' பட்டனுக்குப் பதில் 'ரிலீஸ்' பட்டனைக் கிளிக் செய்யுங்கள்.

ரிலீஸ் அலாங் வித் அன் இன்டர்பிரெட்டர்.

உங்கள் புராஜெக்ட் பெயரில், மெட்டீரியல்ஸ் என்று முடியும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் உள்ள ரிலீஸ் என்ற ஃபோல்டரில் கேம் ஒரு வெப் பக்கமாகக் கிடைக்கும். ஃபோல்டரை முழுவதுமாக பென் டிரைவில் காப்பி செய்து கொடுத்தால், அதிலுள்ள பக்கத்தை பிரவுசரில் திறந்து அவர் விளையாடலாம். ஒரு ஃபைலை மட்டும் எடுத்துக் கொடுத்தால் ஓடாது.

ரிலீஸ் செய்ய மருமகன் கையை மவுசில் வைத்தபோது அம்மா தடுத்துவிட்டார். திருத்திய கேமை இரண்டாம் முறை விளையாடி ரேடியோ வரை வந்திருந்தார். "எடுத்ததும் முடிஞ்சுபோச்சா? தாத்தா ரேடியோடா அது. பாடுதான்னு போட்டுப் பார்க்க வேண்டாமா?" ஆகவே கடைசி விதியை எடுத்துவிட்டு, அவன் உதவிக் குறிப்பில் தானே தேடிக் கண்டுபிடித்து இப்படி எழுதினான்.

தி ரேடியோ இஸ் எ டிவைஸ்.

ஆஃப்டர் ஸ்விட்சிங் ஆன் தி ரேடியோ: சே "இட் ஸ்டில் சிங்ஸ்."; எண்ட் தி ஸ்டோரி ஃபைனலி.

டிவைஸ் என்பது ஸ்விட்ச் உள்ள எந்தப் பொருளுக்கும் இன்ஃபார்ம் வைத்திருக்கும் பெயர். டெஸ்ட் மீ வரியிலும் கடைசியில் ஸ்விட்ச் ஆன் ரேடியோ என்று சேர்க்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். இவன் மறந்துவிட்டு, கேம் ஏன் முடியவில்லை என்று கால் மணி நேரம் தேடிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை பென் டிரைவ் பள்ளிக்கூடத்துக்குப் போனது. அந்த வாரம் ஒரு பையன் வீட்டுக்கே வந்து, பூட்டிய ஸ்டோர் ரூம் எது என்று அக்காவிடம் கேட்டிருக்கிறான்.